மாஸ்டர் தனியாகப் போகட்டும்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அதிகம் பேசவில்லை. "மெதுவா ஆரம்பிச்சு தினமும் நடங்க. போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டே போகணும்" என்றார். மாஸ்டர் தலையை ஆட்டினார். மருந்துப் பையும் பிளாஸ்க்குமாகப் பக்கத்தில் நின்றிருந்த அவர் மனைவியின் காதில் 'மெதுவா' என்ற ஒரு சொல்தான் விழுந்தது. மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று.

மாஸ்டர் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அவரிடம் கிளட்ச் மிதித்துப் பழகியவர்கள். அதனால் வீட்டுச் சொந்தக்காரர் முதல் பேப்பர் போடுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். நடுரோட்டில் எஞ்சின் நின்றுபோய், பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்க்கும்போதும், "ஒண்ணும் அவசரமில்ல, மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொல்கிற மனிதர். மனைவி அதற்கு நேர்மாறு. முன்னறையில் தையல் மிஷின் போட்டு, பேன்ட்டின் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, உடம்பு போட்டுவிட்டவர்களுக்குச் சட்டையைப் பிரித்து விடுவது என்று காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்த இடத்திலேயே பறப்பாள். டெய்லரக்கா என்று பெயர். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

நெஞ்சுவலி வந்தது அந்த மாடிப்படியில்தான். வேலை முடிந்து ஏறி வந்தவரின் காலடிச் சத்தம் பாதியில் நின்றுபோனதைக் கேட்டு டெய்லரக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். படி திரும்புகிற இடத்தில், கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். கீழ்வீட்டுக்காரர்கள் ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்து, ஸ்டென்ட் வைத்து, ஆளை நல்லபடியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அவள் கண்ணைவிட்டு அந்த முகம் போகவில்லை.

அன்றிலிருந்து அவரை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினாள். ஜன்னலோரத்தில் சாய்வு நாற்காலி. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், பேப்பர், மூக்குக்கண்ணாடி, டிவி ரிமோட். ஆப்பிள் நறுக்கி, முள்கரண்டி குத்தி, மடியிலேயே வந்து இறங்கும். அவர் எழுந்தால் போதும், மிஷின் சத்தம் நின்றுவிடும்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"பாத்ரூமுக்கு."

"சொல்லக் கூடாதா? இருங்க, லைட்டைப் போடுறேன்."

"பகல்ல எதுக்கு லைட்டு?"

"வழுக்கிடும்."

முதல் சில நாள் அவர் முரண்டு பிடித்தார். பிறகு சிரித்துக்கொண்டார். பிறகு பழகிவிட்டது. சொகுசு என்பது விருந்தாளி மாதிரி வந்து வீட்டுக்காரன் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். இன்னும் கொஞ்ச நாள் போனதும் அந்தச் சொகுசுக்குள் பயமும் குடியேறியது. எழுந்து நின்றால் நெஞ்சு படபடவென்று அடிப்பதுபோல் இருந்தது. அடிப்பது பயத்தாலா நோயாலா என்று அவருக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழி நடந்து பார்ப்பதுதான். அதற்குத்தான் பயம்.

மகள் போனில் கேட்பாள். "அப்பா நடக்கிறாராம்மா?"

"நடக்காம? ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடந்துக்கிட்டேதான் இருக்காரு."

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் அவரை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். ஆள் சதை போட்டிருந்தார், கால் மெலிந்திருந்தது. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து நடக்கப் பழக்கிவிடுகிற ஏற்பாடு இருக்கிறது, அனுப்புகிறேன் என்றார்.

அப்படி வந்தவள்தான் பிசியோ அம்மா. வரப்போவது விசில் ஊதி விரட்டுகிற ஒல்லிப் பெண் என்று டெய்லரக்கா மனத்துக்குள் ஒரு படம் வரைந்து வைத்திருந்தாள். கதவைத் திறந்தால், தன் வயதை ஒட்டிய, நல்ல பூசினாற்போன்ற ஒருத்தி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். காலில் கண்ணைப் பறிக்கிற பச்சை ஷூ.

"மூணு மாடி... நல்லா... இழுக்குதுக்கா" என்றாள்.

'இவளே இந்த லட்சணம். இவளா இவரை நடக்க வைக்கப் போறா?' என்று நினைத்தபடி டெய்லரக்கா தண்ணீர் கொடுத்தாள்.

அவள் குடித்துவிட்டு அந்த நினைப்பைப் படித்தவள்போல் சொன்னாள். "மூச்சு வாங்குறது தப்பில்லக்கா. மூச்சு வாங்கும்போது பேச முடியுதான்னுதான் பார்க்கணும். பேச முடிஞ்சா போற வேகம் சரி. பேச்சே வரலைன்னா வேகத்தைக் குறைக்கணும். ஜோரா பாட்டே பாட முடியுதுன்னா, நாம சும்மா சுத்திக்கிட்டிருக்கோம்னு அர்த்தம்."

மாஸ்டர் நாற்காலியில் இருந்தபடியே கேட்டார். "பாடவே தெரியாதவங்க?"

"அவங்க எந்த வேகத்துல போனாலும் பக்கத்துல இருக்கிறவங்களுக்கு நல்லது சார்."

அவர் சிரித்தார். டெய்லரக்காவுக்கு அந்தச் சிரிப்பு பிடித்தது. அதை வரவழைத்தவளைப் பிடிக்கவில்லை.

முதல் நாள் அவள் ஒன்றுமே செய்யச் சொல்லவில்லை. பேசிக்கொண்டிருந்தாள், வீட்டை வேடிக்கை பார்த்தாள். அதற்குள் டெய்லரக்கா அவருக்குத் தண்ணீர் எடுத்து வந்தாள், ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள், கீழே விழுந்த பேப்பரைப் பொறுக்கிக் கொடுத்தாள், முதுகுக்குத் தலையணை வைத்தாள். எல்லாம் முடிந்ததும் பிசியோ அம்மா அடுக்களைக்கு அவள் பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அக்கா, இந்த வாரம் பயிற்சி அவருக்கில்ல. உங்களுக்குத்தான்."

"எனக்கா?"

"தண்ணி இங்கயே இருக்கட்டும். பேப்பர் கதவுக்கிட்டயே கிடக்கட்டும். வேணும்னா அவரே வந்து எடுத்துக்குவாரு. நீங்க எடுத்துக் கொடுக்காம இருக்கணும். அவ்வளவுதான்."

டெய்லரக்காவுக்குச் சுரீரென்றது. "நான் என்ன அவரைக் கட்டிப் போட்டா வெச்சிருக்கேன்? நோயாளி மனுஷன் தண்ணின்னு கேட்டா கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கச் சொல்றீங்களா?"

அந்தப் பச்சை ஷூக்காரி கோபப்படவில்லை. அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு, "அவரு எழுந்து நடந்தா என்ன ஆயிடும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

யாரும் இதுவரை அவளிடம் அதைக் கேட்டதில்லை. எல்லோரும் அவருக்கு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் வாய் சொல்லத் தொடங்கிவிட்டது. காலடிச் சத்தம் நின்றது, படி திரும்புகிற இடம், நனைந்த சட்டை, அந்த நிறம். "இப்பவும் அவரு எழுந்தா எனக்கு அந்தச் சத்தம்தான் மேடம் கேக்குது. நடக்கிற சத்தமில்ல. நின்னு போற சத்தம்."

பிசியோ அம்மா சாய்ந்திருந்த மேடையைவிட்டு நிமிர்ந்தாள். அப்புறம், "வாங்க, மூணு பேரும் அந்த இடத்துக்குப் போயிட்டு வரலாம்" என்றாள்.

"இப்பவா?"

"இறங்குறது சுலபம்தானே. நான் முன்னாடி போறேன், நீங்க பின்னாடி வாங்க. சார் விழுந்தாலும் மெத்தை மேலதான் விழுவாரு."

டெய்லரக்கா வேண்டாம் என்று சொல்ல ஹாலுக்கு வந்தாள். ஆனால் அடுக்களைப் பேச்சைக் கேட்டுவிட்ட மாஸ்டர் ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். எடுத்துக் கொடுக்கக் குனிந்தவள், பிசியோ அம்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். அவரே காலால் துழாவி மாட்டினார். ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். படி திரும்புகிற இடத்துக்கு வந்ததும் அவர் நின்றார். கம்பியைத் தொட்டுப் பார்த்தார். கீழே பார்த்தார்.

"இந்த இடம்தானே?" என்றார். "ஒரு கல்வெட்டாவது வெச்சிருக்கலாம். மாஸ்டர் இங்குதான் உட்கார்ந்தார்னு."

டெய்லரக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. மூன்று பேரும் அந்தப் படியிலேயே வரிசையாக உட்கார்ந்தார்கள். கீழேயிருந்து ஏறிவந்த மேல்மாடி வாத்தியார், மூன்று பேரையும் தாண்டிப் போக வழியில்லாமல், "ஏதாவது பிரச்சினையா?" என்றார். "இல்ல சார், காத்து வாங்குறோம்" என்றார் மாஸ்டர். திரும்பி ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனால் வாத்தியாரைப் பற்றிப் பேசிக்கொண்டே ஏறினார்.

அதற்குப் பிறகு பிசியோ அம்மா வாரம் ஒருமுறை வந்தாள். நீதி போதனை எதுவும் செய்யவில்லை. அவரிடம் கேள்விதான் கேட்டாள். எங்கே போக ஆசை? பூங்காவுக்கா? அவர் உதட்டைப் பிதுக்கினார். "வட்டமா சுத்துறதா? நான் என்ன செக்குமாடா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற மைதானம் என்றார். டிரைவிங் ஸ்கூல் கார்களை அங்கேதான் பழக்குவார்கள்.

"அங்க போனா வேலைல உட்கார்ந்துடுவாரு" என்றாள் டெய்லரக்கா.

"போகட்டும்க்கா. போற இடம் அவரோடதா இருந்தாத்தான் கால் எழும்பும்."

ஒரே நாளில் மைதானம்வரை இல்லை. முதலில் கீழ்வாசல். அடுத்து மருந்துக் கடை. அதற்கடுத்து பள்ளிக்கூடச் சுவர் முடிகிற இடம். எப்போது போவது என்பதற்கும் அவளே ஒரு யோசனை சொன்னாள். தனியாக ஒரு நேரம் ஒதுக்கினால் நழுவிவிடும். பேப்பர் படித்து மடித்து வைத்ததும் செருப்பை மாட்டுவது என்று வைத்துக்கொள்ளலாம், பேப்பர் எப்படியும் தினமும் வரும். மழை வந்தால்? மாடி வராந்தா. சோம்பலாக இருந்தால்? மருந்துக் கடைவரை மட்டும் போய்விட்டு வருவது. வழியில் நெஞ்சு வலித்தால்? அங்கேயே உட்கார்ந்து, நாக்கடியில் மாத்திரையை வைத்துவிட்டு, போன் செய்வது. அந்த மாத்திரைக்கும் போனுக்குமாக டெய்லரக்கா அவர் சட்டைகளில் எல்லாம் பட்டன் வைத்த உள்பாக்கெட் தைத்துப் போட்டாள். ஊரார் சட்டைக்கெல்லாம் ஓடிய கை, அன்றைக்குத்தான் புருஷன் சட்டைப் பக்கம் வந்தது என்று அவர் கிண்டல் செய்தார்.

ஆரம்பத்தில் அவளும் கூடவே போனாள். முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, கல்லு இருக்கு, சைக்கிள் வருது" என்று சொல்லிக்கொண்டே போவாள். ஒருநாள் அவர் நின்று சொன்னார். "என் வண்டில என் கால்பக்கம் ஒரு பிரேக் இருக்கும் தெரியுமா? கத்துக்கிறவங்க தப்புப் பண்ணா மிதிக்க. அதை நான் எப்பவாவதுதான் மிதிப்பேன். நீ வெச்ச காலை எடுக்கவே இல்ல."

இதை அவர் பிசியோ அம்மாவிடமும் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த முறை வந்தவள், "நாளையிலிருந்து சார் தனியாப் போகட்டும்" என்றாள். டெய்லரக்கா மென்று விழுங்கிக்கொண்டு சரி என்றாள்.

சரி என்றாளே தவிர, விட்டுவிடுவதாக இல்லை. மறுநாள் அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் படியிறங்கியதும், காலடிச் சத்தம் கீழ்வாசலைத் தாண்டுகிறவரை காத்திருந்தாள். பிறகு தலையில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல், பின்னாலேயே கிளம்பினாள்.

அவர் மருந்துக் கடையைத் தாண்டினார். கடைக்காரருக்குக் கைகாட்டினார். நின்றிருந்த வேனுக்குப் பின்னால் இவள் பதுங்கினாள். பள்ளிக்கூடச் சுவரோரம் அவர் உதடு அசைவது தெரிந்தது. தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறார். மனிதருக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்று ஒருகணம் பதறியவளுக்கு, வேகம் சரியா என்று பேசிப் பார்க்கிறார் என்று அப்புறம்தான் உறைத்தது. நேற்றுவரை அவள் கைப்பிடியில் தட்டுத்தடுமாறி வந்தவர், இன்றைக்குக் கால்களை வீசிப் போட்டுப் போனார். அவள் எட்டி நடந்தாள். இன்னும் எட்டி நடந்தாள். முழங்கால் முனகியது. விலா பிடித்தது. வருஷக்கணக்காக மிஷின் பெடலைத் தவிர எதையும் மிதித்தறியாத கால்கள், சாலையில் வந்து மானத்தை வாங்கின. டயர் கடைக்கு முன்னால் அதற்குமேல் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. கடையின் படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பேசிப் பார்க்க வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

அவள் நிமிர்வதற்குள் அவர் திருப்பத்தில் திரும்பி மறைந்துவிட்டார்.

டயர் கடையில் ஒரு பெண் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தாள். டெய்லரக்காவைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "யாரையாச்சும் கூப்பிடணுமாம்மா?" என்றாள். டெய்லரக்கா வேண்டாம் என்று தலையசைத்தாள். திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பஸ் வந்தது. ஒரு தாய் குழந்தையை இழுத்துக்கொண்டு போனாள். அவர் கண்ணில் படவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு, அது அடித்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தாள். அது அடிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு ஒரு நிலைக்கு வந்தது. வெயில் இதமாக இருந்தது. உள்ளே அந்தப் பெண் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். டெய்லரக்கா அதை வேடிக்கை பார்க்கத் தொடங்கினாள். எவ்வளவு நேரம் பார்த்தாளோ, தலைக்குமேல் குரல் கேட்டது.

"என்ன, கடைக்கு வந்தியா?"

நெற்றியில் லேசாக வியர்வை. முகத்தில் நல்ல ரத்த ஓட்டம். மாஸ்டர் நின்றிருந்தார்.

"ஆமா. நூல் தீர்ந்துபோச்சு" என்றாள்.

அவர் கடைக்குள் எட்டிப் பார்த்தார். அடுக்கி வைத்திருந்த டயர்களைப் பார்த்தார். "என்ன கலர் நூலு?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்சம் பொறுத்துக் கையை நீட்டி எழுப்பினார். திரும்பி நடக்கும்போது அவள் வேகத்துக்கு அவர் குறைத்துக்கொண்டார்.

"பேச முடியுதா?"

"முடியுது. பேசப் பிடிக்கல."

"அப்ப வேகம் சரிதான்."

அடுத்த முறை வந்தபோது இதைக் கேட்டு பிசியோ அம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு, "நீங்களும் நடங்கக்கா. ஆனா அவருக்குக் காவலா இல்ல. உங்க காலுக்காக" என்றாள். டெய்லரக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளாதவள்போல் ஊசியில் நூல் கோத்தாள். ஆனால் அவர் போய்விட்டு வந்ததும், காய்கறி வாங்குகிற சாக்கில், பள்ளிக்கூடச் சுவர்வரை போய்வரத் தொடங்கினாள்.

எல்லாம் இப்படியே போயிருந்தால் சொல்ல ஒன்றுமில்லை. மழைக்காலம் வந்தது. மாஸ்டருக்குச் சளி பிடித்து இருமல் வந்தது. வராந்தாவில் நடப்பதாக இருந்த திட்டம் இருமலோடு படுத்துக்கொண்டது. சளி போயிற்று, மழை விட்டது, அவர் மட்டும் எழவில்லை. பேப்பரை மடித்து வைப்பார், செருப்புப் பக்கம் பார்ப்பார், டிவியைப் போடுவார். பிசியோ அம்மாவின் வருகையும் அதோடு முடிந்திருந்தது. கடைசி நாளில் போகும்போது அவள் ஒன்று சொல்லியிருந்தாள். "நடுவுல விட்டுப் போகும்க்கா. எல்லாருக்கும் விட்டுப் போகும். அதுக்காகப் போச்சுன்னு ஆகாது. திட்டாதீங்க, கெஞ்சாதீங்க."

திட்டவும் கூடாது, கெஞ்சவும் கூடாது என்றால் வாயை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? டெய்லரக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். தண்ணீரை எடுத்துக் கொடுக்கலாமா என்று கை பரபரத்தது. கொடுக்கவில்லை. ஒருநாள் காலை மிஷினை மூடிவிட்டு, "நான் போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டாள்.

பள்ளிக்கூடச் சுவரில் நிற்காமல் போனாள். டயர் கடைப் பெண் கையாட்டினாள். அன்றைக்கு மூச்சு முட்டவில்லை. அந்தத் திருப்பத்தில் திரும்பி, டிப்போவைச் சுற்றிக்கொண்டு, முதல்முறையாக அவருடைய மைதானத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷம் குடும்பத்துக்குச் சோறு போட்ட இடம். அவள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கம்புகள் நட்டு, கயிறு கட்டி வைத்திருந்தார்கள். ஒரு வெள்ளைக் கார் பின்பக்கமாக வந்து ஒரு கம்பைச் சாய்த்தது.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள். "ஒரு பொண்ணு ரிவர்ஸ் எடுத்துக் கம்பை இடிச்சிட்டா."

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுத்தார். "எந்தப் பக்கக் கம்பு?"

"ஏதோ ஒரு பக்கம்."

"ஏதோ ஒரு பக்கம்னா? ஸ்டீயரிங்கை சீக்கிரம் ஒடிச்சாளா, லேட்டா ஒடிச்சாளா?"

"எனக்கென்ன தெரியும்? கார் வந்துச்சு, கம்பு விழுந்துச்சு."

"பக்கத்துல யாரு உட்கார்ந்திருந்தா? புதுசா வந்தவனா? அவன் கண்ணாடியைப் பார்க்கச் சொல்லியே கொடுக்க மாட்டானே!"

மறுநாளும் போய் வந்தாள். "இன்னிக்கும் அதே பொண்ணு. இன்னிக்கு ரெண்டு கம்பு" என்றாள். அவர் எந்தக் கேள்விக்கும் ஒழுங்கான பதில் வாங்க முடியாமல் எரிச்சலடைந்தார். பேப்பரில் கட்டம் போட்டு, கார் எங்கே, கம்பு எங்கே என்று கேட்டார். அவள் விரல் வைத்த இடத்தில் காரை நிறுத்தினால் அது டிப்போ சுவருக்குள் இருந்தது. அதற்கடுத்த நாள் பேப்பர் வந்ததும் அவர் அதைப் பிரிக்கவே இல்லை. "உன்னை நம்பிப் புண்ணியமில்ல" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டெய்லரக்கா எழவில்லை. எங்கே, எப்போது என்று கேட்கவில்லை. ஒரு கோட்டுக்குக் கை குறைக்க வேண்டியிருந்தது, அதில் குனிந்துகொண்டாள்.

அந்தப் பெண் ஸ்டீயரிங்கை ஒடித்தது சீக்கிரமாகத்தானாம். அவர் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தார், பொறுக்காமல் உள்ளே போனார், காரோடு கூடவே நடந்து கைகாட்டினார். டிரைவிங் ஸ்கூல்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, ரோட்டில் ஓட்டப் பழக்குவதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், மைதானத்தில் பார்க்கிங் பழக்குவதை மட்டும் காலையில் வந்து நீங்கள் பாருங்கள் என்றார்கள். டாக்டரும் தாராளமாகப் போங்கள் என்றார். முன்பு காருக்குள் உட்கார்ந்தே கழித்த வேலையை இப்போது காரைச் சுற்றி நடந்து செய்தார். பேன்ட் எல்லாம் இடுப்பில் தொளதொளவென்று ஆகி, டெய்லரக்காவுக்கு வீட்டிலேயே வேலை கூடிற்று. சில நாள் அவர் போக மாட்டார். முழங்கால், மழை, சும்மா என்று ஏதாவது இருக்கும். அடுத்த நாள் போவார்.

ஒருநாள் நண்பகலை ஒட்டிய நேரம். ஜிப் மாற்றக் கொடுத்திருந்த ஒரு அம்மா பையை வாங்க வந்தாள். காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு, "மாஸ்டர் எங்கே காணோம்?" என்றாள்.

மைதானத்தில் வகுப்பு முடிந்திருக்கும். திரும்பும் வழியில் வாத்தியாரோடு பேசிக்கொண்டு நிற்கலாம். வேறு எங்காவது சுற்றிக்கொண்டு வரலாம்.

"தெரியலையே" என்றாள் டெய்லரக்கா. "வெளிய எங்கயோ போயிருக்காரு."

சொல்லிவிட்டு, பையின் ஜிப்பை ஒருமுறை இழுத்து மூடிக் காட்டினாள். தடையில்லாமல் ஓடியது. அந்த அம்மா போனதும் அடுத்த துணியை எடுத்துப் பிரித்தாள்.